மீத்தேன் கலனுக்கு எந்தக் கரி: சிரட்டையா, உமியா, மக்காச்சோளச் சக்கையா?

சிஎன்ஜி வண்டிகளில் இயற்கை வாயுவை (பெரும்பகுதி மீத்தேன்) 200 பார் அழுத்தத்துக்கு அமுக்கி அடைக்கிறார்கள். கலனுக்குள் நுண்துளைக் கரி இருந்தால் 35 பாரிலேயே கணிசமான மீத்தேன் துளைச் சுவர்களில் ஒட்டி அடங்கும்.

கரியைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் பார்ப்பது கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்பதை மட்டுமே. கலனை அளப்பதோ லிட்டரில். 2,800 ச.மீ. பரப்புள்ள தூள் மில்லிக்கு 0.3 கிராம்தான் அடையும் என்றால், மில்லிக்குக் கிடைப்பது 840 ச.மீ. 1,800 ச.மீ. கரியை 0.55 கிராம் வரை இறுக்கி வில்லையாக்கினால் 990. பரப்பு குறைந்த கரிதான் இங்கே ஜெயிக்கிறது.

அடர்த்தி என்று வந்தால் தேங்காய்ச் சிரட்டைக்கே முதலிடம். சாம்பலும் மிகக் குறைவு. 850–900 டிகிரியில் நீராவி செலுத்தித் துளைகளை உண்டாக்கினால் கிராமுக்கு 1,000–1,200 ச.மீ. வரும், செலவும் ஆபத்தும் குறைவு. மீத்தேனுக்கு அது போதாது. ஒரு பங்கு கரிக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கலந்து, நைட்ரஜனில் 750–800 டிகிரிக்குச் சூடாக்கினால் 2,000 ச.மீ.க்கு மேல் போகலாம். ஆனால் அந்தச் சூட்டில் பொட்டாசியம் உலோகம் ஆவியாகி உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் படியும். ஆறுவதற்குள் திறந்தால் ஈரக் காற்று பட்டுத் தீப்பிடிக்கும். பீங்கான் கிண்ணத்தைக் காரம் அரித்துவிடும், நிக்கல் கிண்ணமே தாங்கும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் வெந்நீரிலும், கழுவிய நீர் நடுநிலையாகும்வரை அலச வேண்டும். மிஞ்சும் உப்பு துளையை அடைத்துக்கொள்ளும்.

உமி மலிவு, அவ்வளவுதான். எடையில் 15–20 விழுக்காடு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. போடும் காரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். சிலிக்கா கரைந்த இடத்தில் அகன்ற துளைகள் விழும். அவற்றில் மீத்தேன் நிற்காது. சாயநீரைச் சுத்திகரிக்க உமிக் கரியை வைத்துக்கொள்ளலாம்.

மக்காச்சோளச் சக்கையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2007இல் மிசௌரி பல்கலைக்கழகக் குழு அதிலிருந்து செய்த கரிக்கட்டி, 35 பாரில் தன் கன அளவைப்போல் 180 மடங்கு மீத்தேனை ஏற்றது. அமெரிக்க எரிசக்தித் துறை அப்போது வைத்திருந்த இலக்கும் அதுவே. 2012இல் இலக்கு 263 ஆக உயர்ந்தது. கட்டியாக்கும் பசை அதிகமானால் துளைகள் மூடிக்கொள்ளும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

துளை அகலம் 1 நானோமீட்டரை ஒட்டி இருக்கட்டும். அதைவிட மிகக் குறுகினால், அழுத்தம் 1 பாருக்கு இறங்கிய பிறகும் வாயு உள்ளேயே தங்கிவிடும், வண்டி ஓடாது. விற்பவரிடம் கேட்க வேண்டியது 35 பாரிலிருந்து 1 பாருக்கு இறங்கும்போது ஒரு லிட்டர் கரி வெளிவிடும் அளவை.