ஊர் விடுப்பில் சர்கம்சிஷன்: ஆபரேஷன் சுலபம், தையல்தான் தொல்லை

விடுப்பில் ஊருக்குப் போகும்போது பல், கண் எல்லாம் பார்த்துக்கொள்வதோடு சர்கம்சிஷனையும், அதாவது ஆண்குறியின் முன்தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனையும், முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு முன்தோல் இறுகிப்போய், பின்னுக்குத் தள்ளினாலே வெடித்துப் புண்ணாகிக்கொண்டிருந்தது. இங்கே காத்திருப்புப் பட்டியல் நீளம், அங்கே கேட்ட வாரத்திலேயே தேதி கொடுத்தார்கள்.

ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள், அன்று மாலையே வீடு. முன்தோல் திடீரென்று இறுகினால் சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயும் இப்படி வெளுத்து இறுக வைக்குமாம், அதனால் வெட்டிய தோலை பயாப்ஸிக்கு அனுப்பச் சொன்னதும் டாக்டரே. இதெல்லாம் நான் கேட்காமலே நடந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘தையல் தானாகக் கரையும்’ என்று ஒரே ஒரு வரி. என்ன நூல், எப்போது கரையும், கரையாவிட்டால் யாரிடம் வருவது, எதுவும் இல்லை. போன் போட்டால் “கரைஞ்சிடும் சார்” என்று வைத்துவிடுகிறார்கள். கரையும் நூல் என்றால் எல்லாம் ஒன்றா? விக்ரில் ராபிட் 10 முதல் 14 நாளில் பிடிப்பை இழந்து உதிர ஆரம்பிக்கும், உடல் அதை முழுதாக உறிஞ்சச் சுமார் 42 நாள். சாதாரண விக்ரில் என்றால் 56 முதல் 70 நாள், குரோமிக் கேட்கட் என்றால் 90 நாள் வரைகூட ஆகலாம். அதுவும் உள்ளே புதைந்த நூலுக்குத்தான் இந்தக் கணக்கு, வெளியே காய்ந்து நிற்கும் முடிச்சு இன்னும் பிடிவாதமாக நிற்கும்.

எனக்கு மேல்பக்கத் தையல்கள் குளிக்கும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. அடிப்பக்கம் சில முடிச்சுகள் மட்டும் அசையவேயில்லை, அங்கேதான் வீக்கமும் கடைசிவரை இருந்தது. காயம் நன்றாக மூடிய பிறகும் நூல் வாரக்கணக்கில் தங்கினால் தோல் அதைச் சுற்றி வளர்ந்து சின்னச் சுரங்கம் மாதிரி ஆகிவிடும், பிறகு நூல் போனாலும் ஓட்டை நிற்கும், அதில் அழுக்கு சேரும். இதைச் சொன்னது இன்னொரு கிளினிக்கில் பார்த்த யூராலஜிஸ்ட். நுனி மெலிந்த கத்தரியால் அவரே எடுத்துவிட்டார், சில நிமிஷ வேலை, கொஞ்சம் சுருக்கென்றது, அவ்வளவுதான். மூன்று வாரம் தாண்டியும் நூல் அப்படியே இருந்தால் போய்க் காட்டிவிடுங்கள், வீட்டில் உட்கார்ந்து பிடித்து இழுக்காதீர்கள்.

பயமுறுத்திய இன்னொன்று ஆண்குறி மொட்டின் மேல் வந்த மஞ்சள் படலம். சீழ் என்று நினைத்தேன், இல்லை, புண் ஆறும்போது வருவதுதான், சுரண்டக் கூடாது. நாற்றத்தோடு சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், நிற்காத ரத்தம், சிறுநீர் போக முடியாமை, இவற்றில் எது வந்தாலும் உடனே ஓட வேண்டும். ராத்திரி விறைப்பு தையலை இழுக்கும்போது உயிர் போகும், எழுந்து கொஞ்சம் நடந்தால் அடங்கும். துணி உரசும் கூச்சத்துக்கு வாசலின் போதும். உடலுறவு, சுயஇன்பம் இரண்டும் நாலு முதல் ஆறு வாரம் கிடையாது, வெளியே ஆறிய மாதிரி தெரிந்தாலும்.

அதனால் விடுப்பின் கடைசியில் இதைச் செய்யாதீர்கள், இறங்கிய கையோடு செய்யுங்கள். நூலின் பெயரையும் அறுவைக் குறிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். திரும்பிய பிறகு ஏதாவது என்றால் இங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.