குன்னூர்க் குளிரில் ஆறு வருடம்: தோல் ஒட்டும் பசையும் அதன் டப்பாவும்

சீசனில் விற்பதற்கு மீதி வருடம் முழுக்க உட்கார்ந்து பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற ஆள் நான். தைப்பதற்கு முன்னால் ஒட்ட வேண்டும். ஆறு வருடமாக ஃபெவிகால் எஸ்.ஆர். 998தான். பசை மீது எனக்குப் புகாரே இல்லை. ஒட்டிய இடத்தைப் பிரிக்கப் போனால் தோல்தான் பிய்ந்துகொண்டு வரும். நான் பட்ட பாடெல்லாம் டப்பாவோடு.

முதல் வருடம் ஒரு லிட்டர் டப்பா வாங்கினேன். மார்கழியில் ஒருநாள் காலை திறந்தால் உள்ளே கேழ்வரகுக் களி. பசை காய்ந்துவிட்டது என்று நினைத்து டொலுவின் என்கிற தின்னரை (பசையை இளக்குகிற திரவம்) ஊற்றிக் கலக்கினேன், நன்றாக இளகியது. மதியம் வெயில் ஏறியதும் பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. அன்று ஒட்டிய நாலு பெல்ட்டும் ஒரு வாரத்தில் ஓரம் விட்டுவிட்டன.

இது நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பரை டொலுவின் மாதிரியான கரைப்பான்களில் கரைத்த பசை. கரைப்பான் பறந்துபோனாலும் கெட்டியாகும், வெறும் குளிருக்கும் கெட்டியாகும். மலையில் இருக்கிறவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பசையும் போச்சு, காசும் போச்சு. இப்போதெல்லாம் தின்னரைத் தொடுவதற்கு முன்னால், மூடிய டப்பாவைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீர் வாளியில் அரைமணி நேரம் வைத்துவிடுகிறேன். பத்தில் எட்டு தடவை அதுவே போதும். அடுப்பில் மட்டும் வைக்கவே கூடாது. டொலுவின் 4 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும், நம் ஊர்க் குளிரெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பசை திறந்திருக்கிற அறையில் கணப்பு வைத்துக் குளிர்காய்கிற பழக்கத்தை அன்றோடு விட்டேன். ஜன்னலையும் திறந்துதான் வைக்கிறேன். குளிரட்டும், தலைசுற்றலுக்கு அது மேல்.

வெந்நீருக்கும் இளகாவிட்டால்தான் தின்னர். ஒருமுறை டொலுவின் தீர்ந்துபோய், பெயிண்ட் வேலைக்கு விற்கிற என்.சி. தின்னரை ஊற்றினேன். கடைந்த மோரில் வெண்ணெய் திரளுமே, அப்படித் திரிந்துபோனது. திரும்பச் சேரவே இல்லை. மண்ணெண்ணெயும் யோசித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் தடுத்துவிட்டார்: “வேணாம் தம்பி, பிசுக்கு தங்கிடும். ஒட்டின மாதிரி இருக்கும், மழை வந்தா வாயைப் பிளந்துடும்.” சரிங்கண்ணே என்று வந்துவிட்டேன். டொலுவின், இல்லையென்றால் பசைக் கம்பெனியே சொல்கிற தின்னர். இதைத் தவிர வேறெதுவும் இப்போது வீட்டுக்குள் வருவதில்லை.

அளவு கேட்டால் மில்லிக் கணக்கு என்னிடம் இல்லை. குச்சியை விட்டுத் தூக்கினால் பாகு மாதிரி ஒரு கம்பிப் பதத்தில் இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் அதிகம் ஊற்றிவிட்டீர்கள். ஊற்றினதை எடுக்க முடியாது, அதனால் முழு டப்பாவில் ஊற்றுவதே இல்லை. அன்றைக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்து அதில் மட்டும்.

வேண்டுமென்றே நீர்க்க வைப்பது ஒரு இடத்தில்தான். மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலின் உள்பக்கம் பசையை அப்படியே குடித்துவிடும். (நம் மலையெங்கும் நிற்கிற, ஆங்கிலத்தில் வாட்டில் என்கிற சீகை மரத்தை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டதே இந்தப் பட்டைக்கும் விறகுக்கும்தான்.) அதற்கு முதல் பூச்சு நீர்க்க, நாரில் இறங்கட்டும். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு நீர்க்காமல்.

அப்புறம் மூடுபனி. ஐப்பசி, கார்த்திகையில் பூசிய பசை மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் வரும். கரைப்பான் பறக்கும்போது பசையின் மேல்பரப்பு சில்லிட்டு, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. அதோடு அமுக்கினால் ஒட்டாது. கீழே மேட்டுப்பாளையத்தில் கால்மணியில் காய்கிற பசை இங்கே காய முக்கால் மணி ஆகும். விரல் முட்டியால் தொட்டுப் பார்ப்பேன், ஒட்டிக்கொள்ளாமல் வந்தால்தான் சேர்ப்பது. ரொம்ப மூடலாக இருந்தால் அன்றைக்கு வெட்டுகிற வேலை, தைக்கிற வேலை. பசையைத் தொடுவதில்லை.

சேமிப்புக்கு வருகிறேன். பெரிய டப்பா மலிவு என்று இப்போது ஏமாறுவதில்லை. வாங்கின அன்றே சின்ன ஜாம் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பிவிடுவேன். கண்ணாடி, தகர மூடி. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒருதடவை வைத்தேன், மூன்று மாதத்தில் பக்கங்கள் உள்ளே ஒட்டிப்போய் நின்றது. மூடுவதற்கு முன்னால் விளிம்பைத் துணியால் துடைத்து, மரையில் வாசலின் ஒரு துளி. இல்லாவிட்டால் மூடியைத் திறக்க இடுக்கி வேண்டும். வாசலின் கையோடு தோலைத் தொட்டுவிடாதீர்கள், அந்த இடம் பிறகு ஒட்டாது.

கடைசியாக, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துகிறேன். மூடியில் சின்னச் சந்து இருந்தாலும் பசையே போய் அடைத்துக்கொள்கிறது. போன ஆடியில் நிரப்பின ஒன்றை இந்த மாசியில் திறந்தேன், வெந்நீர்கூட இல்லாமல் கம்பிப் பதத்தில் இறங்கியது. பக்கத்திலேயே சோம்பேறித்தனத்தில் நேராக நிறுத்தின பாட்டில் ஒன்று இருக்கிறது. அதன் மூடி இன்னும் திறக்கவில்லை.