1970 ஜிடிஓவா, செவெல் எஸ்எஸ் 454ஆ: அசலைக் கண்டறிவது எதில் எளிது?

மேனுவல் கியர் உள்ள பழைய அமெரிக்க மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்) தேடுபவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

கார் எண்
பான்டியாக் ஜிடிஓ: ஆலை தந்த அடையாள எண் (விஐஎன், பதிவு எண் அல்ல) 242 என்று தொடங்கும். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.
செவர்லே செவெல்: எஸ்எஸ் வெறும் கூடுதல் தொகுப்பு, எண்ணை வைத்து சாதாரண செவெலான மாலிபுவிலிருந்து பிரிக்க முடியாது.

ஆவணம்
ஜிடிஓ: பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் கட்டணம் செலுத்தினால் பழைய பதிவின் நகல் கிடைக்கும். எந்த கியர் பெட்டியோடு வந்தது என்பதும் அதில் இருக்கும்.
செவெல்: அமெரிக்காவில் தயாராகி அங்கேயே விற்கப்பட்டவற்றுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோல் டேங்கின் மேல் ஆலையின் தயாரிப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்.

எஞ்சின்
செவெலில் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். 454 எஞ்சினிலேயே வலுவான வகையான 450 குதிரைத்திறன் எல்எஸ்6, மேனுவல் என்றால் சிஆர்வி என்ற குறியீடு இருக்க வேண்டும். ஆலையில் இழைத்த மெல்லிய கோடுகள் அங்கே அழிந்திருந்தால், தேய்த்து மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். கியர் பெட்டியில் குத்திய எண்ணும் காரின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

விலை
அசல் எல்எஸ்6 சாதாரண ஜிடிஓவைவிட மிக அதிகம். போலிகள் பெருகக் காரணமும் அதுவே.

முதல்முறை வாங்குபவருக்கு ஜிடிஓதான் என் தேர்வு. சேகரிப்புக்கென்றால் தாளோடு வரும் செவெல். தாள் இல்லையா? எஞ்சின் மாற்றிய மாலிபுவின் விலைக்கு மேல் தராதீர்கள்.