ஏற்காடு ஏரிப்பக்கம் கல்லு கடை: கல்லு நெஜம், சர்ட்டிபிகேட் டுபாக்கூர்

போன ஞாயித்துக்கெழம அக்கா பையன கூட்டிட்டு ஏற்காடு போனேங்க. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறதுக்குள்ள அவன் ரெண்டு தடவ வாந்தி. ஏரிக்கிட்ட வண்டிய ஓரங்கட்டுனா மொளகு, காப்பித்தூள், தைலம் விக்கிற கடைகளுக்கு நடுவுல ஒரு கல்லு கடை. பேரு வேணாம், கடைக்காரரு தங்கமான மனுசன், திட்ட மனசு வரல.

நான் வாங்குனது கையகலத்துக்கு ஒரு மணல்கல்லு, பழுப்பு நெறம், கட்டவிரலால தேச்சா நாட்டுச்சக்கர மாதிரி உதிருது. நடுவுல ஒரு சிப்பி, விசிறி மடிப்பு மாதிரி வரிவரியா, ஒத்தப் பாதி மட்டும். சுத்தி முழுக்க ஒடஞ்ச ஓட்டுத்துண்டு. இத பாத்ததுமே எனக்கு வாங்கணும்னு தோணிருச்சு, ஏன்னா செத்த சிப்பிய அலை உருட்டி ரெண்டா பிரிச்சு ஒடச்சு ஒரே எடத்துல குமிச்சா தான் இப்டி ஆகும், கரையோரம்னு கல்லே சொல்லுது. எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், கருடமங்கலம்னாரு. சரியாத்தான் இருக்கும், பழைய திருச்சி ஜில்லால அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலு. 1860, 70கள்லயே ஸ்டோலிஸ்காங்கற நிலவியல் ஆராய்ச்சியாளரு இந்த ஏரியா சிப்பி, சங்கு, நத்தையெல்லாம் வரிசயா எழுதி வச்சிருக்காரு.

வில்லங்கம் எங்கன்னா, கூடவே லேமினேட் பண்ண ஒரு சர்ட்டிபிகேட். "கார்பன் டேட்டிங் செய்யப்பட்டது, 50 கோடி வருடம்". அடப்பாவமே! கார்பன் டேட்டிங்ல அளக்கறது கார்பன்-14ங்கற வகைய, அது 5,730 வருசத்துக்கு ஒருக்கா பாதி கொறஞ்சிரும், 50 ஆயிரம் வருசம் தாண்டுனா அளக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது. நகைக்கடை தராசுல லாரிய ஏத்துன கத தான். சரி மணல அளக்கலாமேன்னா அதுவும் ஆகாது, மணலு எந்தப் பாறைல இருந்து அரிச்சிட்டு வந்துச்சோ அதோட வயசு தான் வரும், கரைல படிஞ்ச தேதி வராது. அதனால கூடவே கெடைக்கிற அம்மோனைட்ட தான் பாப்பாங்க, சுருட்டி வச்ச ஆட்டுக்கொம்பு மாதிரி ஓடு இருக்குமே, அழிஞ்சு போன கடல் பிராணி, அது. ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலம் தான் இருந்துச்சு, ஆனா ஒலகம் பூரா பரவிருச்சு. வேற நாட்டுல அதே வகை எரிமலைச் சாம்பல் அடுக்குக்கு பக்கத்துல கெடச்சா, சாம்பலோட வயச அளந்து இங்க பொருத்திக்கலாம். அப்டி பாத்தா கருடமங்கலத்து கல்லுக்கு ஏறக்குறைய 9 கோடி வருசம். கம்மியா என்ன, அது போதாதா?

இன்னொரு கூத்து, பளபளன்னு பாலிஷ் போட்ட பழுப்பு அம்மோனைட் ஒண்ணுக்கு "இமயமலை சாளக்கிராமம்"னு சீட்டு. கண்டகி ஆத்துல வர்ற நெஜ சாளக்கிராமத்துக்குள்ள இருக்கறதும் அம்மோனைட் தான், ஆனா அது கருப்பு உருண்டைக்கல்லு. பூஜைக்குன்னு இத வாங்கிராதீங்க.

பையன் கேட்டான், "மாமா, நம்மூர்ல தோண்டுனா சிப்பி கெடைக்காதா?" கெடைக்காதுடான்னேன். சேர்வராயன் மலை சார்னோக்கைட்டு 250 கோடி வருசப் பாறை, பூமிக்கு அடில சூட்டுல வெந்து வந்தது, சிப்பி பொறக்கறதுக்கு முன்னாடியே அது கெழடு. மொகம் சுருங்கிப்போச்சு அவனுக்கு.

கல்லுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், சீட்டுக்கு சைபர். 450 சொன்னாரு. "அண்ணே, அந்த பேப்பரு எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்கங்க"ன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு, "சரிங்க சார், அப்ப 400 குடுங்க"ன்னாரு.