முகவரியைப் பூட்டுவது கருவியிலா, ரௌட்டரிலா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் வீடியோ கூட்டக் கருவி வைத்தால், அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) மாறக் கூடாது. எச்.323 என்ற வீடியோ அழைப்பு முறையில் அழைப்பு வரும் 1720ஆம் போர்ட்டை (நுழைவழியை) ரௌட்டர் ஒரே முகவரிக்குத்தான் திருப்பிவிடும்.

கருவியிலேயே முகவரி போட்டால் சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்ற நெட்வொர்க் அமைப்பு எண்கள் எல்லாம் கையால் தட்ட வேண்டும். ரௌட்டர் 192.168.1.100 முதல் 200 வரை மற்ற கருவிகளுக்குத் தானாகப் பங்கிடுகிறதா? அப்படியானால் 192.168.1.50 கொடுங்கள். அந்த வரிசைக்குள் இருக்கும் எண்ணைக் கொடுத்தால், யாருடைய கைப்பேசியாவது அதையே வாங்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்துபோகும்.

ரௌட்டரில் கருவியின் மேக் முகவரிக்கு (தயாரிக்கும்போதே அதற்குத் தரப்படும் எண்ணுக்கு) ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவைப்பது சுலபம். எனக்கு இதுதான் பிடிக்கும். நம் பக்கத்து இடிமழையில் ரௌட்டர் போய்ப் புதிது 192.168.0 வரிசையில் வந்தால், கையால் போட்ட கருவி அப்படியே நின்றுவிடும். ரௌட்டரில் ஒதுக்கிவைத்த கருவியோ புது முகவரி வாங்கி, வெளியே அழைக்கவாவது செய்யும். அப்புறம் ஒதுக்கீட்டையும் போர்ட்டையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.