அப்பாவுக்கு 16, எனக்கு 13

ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து மேலூருக்கு வரும்போதெல்லாம் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. 74 வயதாகும் அவருக்குப் பத்தாண்டுகளாக, பார்வை நரம்பை மெல்லச் சேதப்படுத்தும் கிளாக்கோமா, ஊரார் சொல்வதுபோல் 'கண் பிரஷர்', இருக்கிறது. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தப் பொங்கல் விடுமுறையில் நானும் பார்த்துக்கொள்வதென்று தீர்மானித்தேன்.

முதலில் சென்றது வீட்டுக்கு அருகிலிருந்த, கண்ணாடிக் கடையோடு சேர்ந்த ஒரு பரிசோதனை நிலையம். முகவாயைத் தாங்கியில் வைத்ததும் கருவி 'புஸ்' என்று கண்ணில் காற்றை அடித்தது. கண்ணின் அழுத்தம் அப்பாவுக்கு 16, எனக்கு 13 (மி.மீ. பாதரச அளவில்) என்று துண்டுச்சீட்டில் அச்சாகி வந்தது. 10 முதல் 21 வரை இயல்பு என்பது பொதுவான கணக்கு. "என்னைவிட உனக்கு நல்லாத்தான்டா இருக்கு" என்று அப்பா சிரித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நானும் நிம்மதியாக வெளியே வந்தேன்.

அப்பாவின் வழக்கமான பரிசோதனைக்காக மறுவாரம் மதுரைக்குப் போனோம். ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கண் வேலையை மதுரைக்கென்று எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. நாங்கள் போன மருத்துவமனையில் காலை எட்டரை மணிக்கு டோக்கன் வாங்கி, மதியம் ஒன்றரை வரை காத்திருந்தோம். காத்திருப்பு நீளம்தான், ஆனால் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள், அதற்காக இன்னும் இரண்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பேன்.

படிவத்தில் 'முன்பு செய்த அறுவை சிகிச்சைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். பார்வை எழுத்துகளைப் படிக்கச் சொன்ன சிஸ்டர், கண்ணாடியில்லாமல் கடைசி வரி வரை நான் வாசித்ததைக் கவனித்துவிட்டு, "சார், முன்னாடி கண்ணாடி போட்டிருந்தீங்களா? லேசர் ஏதும் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மைனஸ் ஆறு பவருக்கு, கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் செய்யும் லேசிக் சிகிச்சையைச் செய்துகொண்டதை அப்போதுதான் சொன்னேன். உண்மையில் அதை நான் அறுவை சிகிச்சையாகவே எண்ணியிருக்கவில்லை.

அதன் பிறகு சோதனையின் போக்கே மாறியது. மஞ்சள் சாயம் கலந்த மருந்தை விட்டு, நீல ஒளியில் கோல்ட்மேன் கருவியால் அழுத்தம் பார்த்தார்கள், மீண்டும் 13. பிறகு கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலமான கார்னியாவின், தடிமனை அளந்தார்கள்: 458 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கருவி கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை வைத்தே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு, கருவிழி ஏறத்தாழ 520 மைக்ரான் தடிமனோடு இயல்பாக இருக்கிறது என்ற அனுமானத்தில் அமைந்தது. லேசிக்கில் லேசர் கருவிழியின் திசுவைச் செதுக்கி எடுத்துவிடுவதால், மெலிந்த அந்தப் பரப்பு எளிதில் வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் கூடுதலாக இருந்தாலும் எண் குறைவாகவே விழும். காற்றடிக்கும் கருவிக்கும் இதே தடுமாற்றம் உண்டு. ஆக, அப்பாவின் 16-ஐவிட என் 13 உண்மையில் அதிக அழுத்தமாகக்கூட இருக்கலாம்.

"அப்படியானால் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டேன். திருத்தச் சூத்திரங்கள் பல இருந்தாலும், ஒரு தனி மனிதரின் கண்ணுக்கு அவற்றை நம்பி முடிவெடுக்க முடியாது என்றார். கருவிழியின் தடிமனை அவ்வளவாகச் சாராமல் அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனாலும் என் போன்றவர்களுக்கு எண்ணைவிடப் பார்வை நரம்பே முக்கியச் சாட்சி என்று சொல்லி, கண்மணியை விரிக்கும் மருந்தை விட்டு நரம்பைப் பார்த்தார்; நரம்பிழைகளின் தடிமனைப் படமெடுத்துக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும் எடுக்கச் செய்தார். கண்ணாடி போனாலும் கிட்டப்பார்வைக்காரரின் நீண்ட கண் நீண்ட கண்ணாகவே இருக்கிறது, அதுவும் கிளாக்கோமாவுக்கு ஓர் ஆபத்துக் காரணி என்பதும் எனக்குப் புதிய செய்தி.

நரம்பில் இப்போதைக்குச் சேதம் இல்லை. லேசிக்குக்கு முந்தைய அழுத்தம், தடிமன் ஆகியவற்றின் பதிவு கிடைக்குமா என்று மருத்துவர் கேட்டிருந்ததால், அன்று இரவே சிங்கப்பூர் கிளினிக்குக்கு எழுதினேன். இரண்டு நாளில் அனுப்பினார்கள். லேசிக்குக்கு முன் தடிமன் 545, அழுத்தம் 17. அடுத்த சோதனை ஆறு மாதத்தில், சிங்கப்பூரிலேயே. அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு அளந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கடையின் துண்டுச்சீட்டை அப்பா இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.