காலடிப்பேட்டை உப்புக்காற்றில் ஒரு 5.1 செட்

புது வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கப்போகும் நண்பர் ஒருவர், "உங்க செட்டு எப்படிங்க, அதையே வாங்கிடலாமா?" என்று கேட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டார். என்னுடையது 5.1 செட்: ஐந்து ஸ்பீக்கர், கூடவே பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்துக்கென்றே ஒரு சப்வூஃபர். அந்தச் சப்வூஃபர் ரிப்பேருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வாட்ஸ், சேனல் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விடுங்கள். (பிஎம்பிஓ, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் எதையாவது போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைச் சொல்லும் ஆர்எம்எஸ் கணக்குதான் கணக்கு.) எந்த அட்டையிலும் பெரிதாகப் போடாத ஒரு விஷயம்தான் என் உயிரை எடுக்கிறது: ஸ்பீக்கரில் துள்ளிச் சத்தம் எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா, ரப்பரா?

என்னுடையது ஃபோம். பாலியூரிதேன் ஃபோம் ஈரக்காற்றில் தானாகவே உதிர்ந்துபோகும் சாதி. வடசென்னை காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எண்ணூர் விரைவுச் சாலைதான். பேஸ் வரும்போதெல்லாம் சப்வூஃபர் கரகரவென்று இருமத் தொடங்கியது. முன்பக்கத் துணியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தேன். வளையம் ஊறிப்போன பன் மாதிரி பிசுபிசுவென்று கையோடு வந்துவிட்டது. மற்றபடி கோன், அதைத் துள்ளவைக்கும் கம்பிச்சுருளான காயில் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. இத்தனை விலை வைத்து விற்கிற கம்பெனிக்கு ஒரு ரப்பர் வளையம் போட என்ன கேடு?

யூனிட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பழைய பசையைச் சுரண்டி, புது வளையத்தை ஒட்டினார் கடைக்காரர். கோனை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி, உள்ளே காயில் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். கடைசியில் ஒரு பென்சில் பேட்டரியை டெர்மினலில் தொட்டார். கோன் முன்னால் துள்ளியது. "முன்னாடி வந்தா ப்ளஸ் மைனஸ் சரியா இருக்குன்னு அர்த்தம் சார்." ரப்பர் வளையம் இல்லையா என்று கேட்டதற்கு, "இந்த சைஸுக்கு ஃபோம்தான். வீடு கடலோரமா? அப்போ திரும்ப வருவீங்க" என்றார், சிரிக்காமல்.

வயர் கதை தனி. ஸ்பிரிங் கிளிப்பில் செருகிய செம்பு நுனியில் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும். நுனியை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவிச் செருகினால் சரியாகிவிடும், கொஞ்ச நாளைக்கு. வயர் வாங்கும்போது ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

இவ்வளவு திட்டிவிட்டு, டிவிக்கு நேர் நடுவில் வைக்கிற சென்டர் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 5.1-இல் வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் படம் பார்த்த காலத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் அம்மா "என்னடா சொன்னான்?" என்பார். சென்டரை ஸ்டாண்டின் உள்தட்டிலிருந்து வெளியே எடுத்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியான ஏவிஆரில் அதற்கு மட்டும் சத்தத்தை 3 டெசிபல் ஏற்றிவைத்தேன். அந்தக் கேள்வி நின்றுவிட்டது. முணுமுணுப்பது, மூச்சு வாங்குவது வரை கேட்கிறது. இப்போது "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்கிறார். அதற்கு எந்த ஸ்பீக்கரும் பொறுப்பில்லை.

பின்னால் மாட்டிய இரண்டு ஸ்பீக்கரும் சும்மா தொங்குகின்றன, மழைக் காட்சி வந்தால் உண்டு.

சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள். 10 அடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தங்கி முழங்கும். மூலையில் வைத்தால் அது இன்னும் ஊதிவிடும். நாம் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பாட்டு போட்டு, தரையோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எங்கே பேஸ் ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கேதான் அதற்கு இடம். எங்கள் வீட்டில் அது அலமாரிப் பக்கம் வந்தது, பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரிலிருந்தும் தள்ளிப் போனது. (அணைத்த பிறகும் தரை அதிர்ந்தால் அது கன்டெய்னர் லாரி. ஆடி மாசம் என்றால் ஹோம் தியேட்டரே தேவையில்லை, தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் போதும்.)

நண்பருக்குச் சொன்னது இதுதான்: இந்த செட்டை வாங்காதீர்கள். ரப்பர் வளையம் போட்ட சின்ன ஸ்பீக்கர் இரண்டு, நல்ல சென்டர் ஒன்று, ஒரு ஏவிஆர் போதும். சப்வூஃபரை அப்புறம் பார்க்கலாம், அதுவும் ரப்பர் என்றால் மட்டும்.

விஷயம் தெரிந்து மச்சினன் வந்தான். "அப்போ உங்களுதை எனக்குக் குடுத்துடுங்க மாமா, நான் பார்த்துக்கறேன்" என்றான். விலைகூட நல்ல விலைதான் சொன்னான். போடா என்று சொல்லிவிட்டேன்.